சோலோ பொத்தானும் ஒரு சீதனக் காணியும்

பெரியவர் மௌத்தாகி நாற்பதாவது நாள். ஆலங்குடாவில் அவருடைய வீட்டு முற்றத்தில் பாய் விரித்து உறவினர்கள் அமர்ந்திருந்தார்கள். ஓதல் முடிந்து, சாப்பாடும் முடிந்தது. மூத்த மகன் என் பக்கம் திரும்பி, “தம்பி, வாப்பா பேசினதக் கொஞ்சம் போடுங்களேன், எல்லாரும் கேக்கட்டும்” என்றார்.

முந்தைய வருடம் அவரிடம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் பேசி ஒலிப்பதிவு செய்திருந்தேன். முசலியில் அகத்திமுறிப்புக் குளத்தின் கீழ் அவர் செய்த வயல்கள், வரம்புகள், வாய்க்கால்கள், யாருடைய காணிக்கு அடுத்தது யாருடைய காணி என்பதெல்லாம் அதில் இருந்தன. அதைக் கணனியில் ஒழுங்குபடுத்தி, பென் டிரைவ் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். ஒலிபெருக்கியில் செருகி அழுத்தினேன்.

முதலில் வந்தது என்னுடைய குரல். “மாமா, உங்கட வயல் குளத்துக்கு எந்தப் பக்கம்?” என்று முற்றம் அதிர வந்தது. அடுத்து அவருடைய பதில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, சொல் விளங்காமல், வந்து போயிற்று. மறுபடியும் என் கேள்வி. மறுபடியும் கிணறு. சிறுவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் வியர்த்துவிட்டது. நிறுத்தக் கையை நீட்டினேன். அப்போது ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல், பக்கத்தில் நின்று சொல்வதுபோலத் தெளிவாகக் கேட்டது:

“அது இவர்ட வயல் இல்ல. அது என்ட சீதனம்.”

எல்லோரும் வாசற்படியில் இருந்த அவருடைய மனைவியைத் திரும்பிப் பார்த்தார்கள். மூத்த மகன்தான் பேசினார். “உம்மா, இத ஏன் முன்னமே எங்களுக்குச் சொல்லல்ல?”

“ஆரும் கேக்கல்லயே மகன்” என்றார் அவர்.

எதற்காகப் பதிவு செய்தோம்

ஆலங்குடா கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ள கரையோர ஊர். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களில் இந்தக் கரைகளில்தான் வந்து இறங்கினார்கள். ஓலைக் கொட்டில்களில் தொடங்கிய முகாம் வாழ்க்கை பின்னர் கல்வீடுகளாக மாறியது. வயல் செய்தவர்கள் மணற்றரையில் கூலிக்கு மிளகாயும் வெங்காயமும் நட்டார்கள். 2009இல் போர் முடிந்த பின்னர் சில குடும்பங்கள் முசலிக்குத் திரும்பின. சில இங்கேயே தங்கிவிட்டன. இரண்டு இடத்திலும் ஒவ்வொரு கால் வைத்திருப்பவர்களும் உண்டு.

திரும்பிப் போனவர்கள் கண்டது இருபது வருடக் காடு. வரம்பு தெரியவில்லை, எல்லை மரம் இல்லை. உறுதி, பேமிற் முதலிய பத்திரங்கள் பலரிடம் இல்லை. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி போன்ற ஊர்களையொட்டிய பகுதிகள் 2017 மார்ச்சில் மாவில்லு பேணற்காடு என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, எது காடு, எது ஊர் என்ற வாக்குவாதம் பெரிதாக எழுந்தது நினைவிருக்கும். இப்படியான வேளையில், குளத்தின் பெயரும் வாய்க்காலின் பெயரும் அறிந்த முதியவர் ஒருவரின் பேச்சு வெறும் பழங்கதை அல்ல. வெளியேற்றம் பற்றி விசாரித்த குடிமக்கள் ஆணைக்குழு ஒன்று மக்களின் வாக்குமூலங்களைக் கேட்டு 2011இல் அறிக்கை வெளியிட்டது. ஆனால் ஒவ்வொரு வயலின் வரம்பையும் எந்த ஆணைக்குழுவும் கேட்டு முடிக்காது. அதை அந்தந்தக் குடும்பம்தான் செய்துகொள்ள வேண்டியுள்ளது.

அதற்குத் துணையாகவே நாங்கள் சிலர் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றையும் இரண்டு ஒலிவாங்கிகளையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனோம். கருவி நல்லது. பழகியது போதவில்லை.

எங்கே பிழைத்தது?

பெரியவரின் சட்டையில் ஒரு சிறு ஒலிவாங்கியைக் குத்தியிருந்தேன். மற்றதை என் முன்னால் ஒரு ஸ்டூலில், என்னைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தேன். இந்த வகை ஒலிவாங்கி தனக்கு முன்னால் இருப்பதைத்தான் நன்றாகப் பிடிக்கும். பின்னால் இருப்பதைக் குறைவாகவே பிடிக்கும். ஸ்டூலுக்கு மற்றப் பக்கம் பெரியவர் இருந்தார். அதனால் இதில் அவருடைய குரல் மங்கல். என் முதுகுக்குப் பின்னால் குசினி வாசல். அங்கே மாமி செத்தல் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து வைத்த ஒலிவாங்கி அவரையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அது எனக்குத்தான் தெரியாது.

ஏன் தெரியவில்லை? ஹெட்போனை நான் கழற்றி வைத்துவிட்டேன். முதியவர் ஒருவர் முன்னால் இரண்டு காதையும் மூடிக்கொண்டு இருப்பது மரியாதையில்லை என்று பட்டது. மாமி ஏதோ முணுமுணுப்பது வெறும் காதில் கேட்டது. கோழியைத் துரத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கணனியில் வேலை செய்தபோது, பெரியவர் பேசும் இடங்களில் என் ஒலிவாங்கியின் தடத்தைத் தாழ்த்திவிட்டேன். இரண்டு தடமும் ஒன்றாக ஒலித்தால் எதிரொலிபோல இருக்கும், ஆகவே எல்லோரும் செய்வதுதான் இது. மாமி திருத்தம் சொன்னதெல்லாம் பெரியவர் பேசிக்கொண்டிருந்த போதுதான். ஒவ்வொரு திருத்தத்தையும் என் கையாலேயே புதைத்திருக்கிறேன்.

கடைசியாக, என் இருமலை வெட்டுவதற்காக என் தடத்தை மட்டும் தனியே கேட்க ‘சோலோ’ பொத்தானை அழுத்தினேன். வேலை முடிந்தது. பொத்தானை எடுத்துவிட மறந்து, அப்படியே கோப்பாக ஏற்றுமதி செய்துவிட்டேன். நான் பயன்படுத்தியது ஒடாசிற்றி என்ற மென்பொருள். அதில் ஒரு தடம் சோலோவில் இருந்தால், ஏற்றுமதியாகும் கோப்பிலும் அந்தத் தடம் மட்டுமே இருக்கும். ‘மியூற்’ செய்த தடமும் அப்படித்தான் விடுபட்டுப் போகும். கோப்பின் நீளம் சரியாகவே இருந்தது. திறந்து கேட்டுப் பார்க்கவில்லை.

அந்தப் பிழையால்தான் மாமியின் குரல் வெளியே வந்தது என்பது வேறு விஷயம். அதை வைத்து என் கவனயீனத்துக்கு நியாயம் தேட நான் விரும்பவில்லை. பெரியவரின் தடம் கணனியில் பத்திரமாக இருந்தது தற்செயல். இரண்டு தடத்தையும் ஒன்றாக்கிவிட்டு மூலத்தை அழித்திருந்தால் இருவரில் ஒருவரின் குரல் போயே போயிருக்கும்.

காதில் கேட்பது வேறு, பதிவாவது வேறு

ஒலிப்பதிவு செய்யும்போதே ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருப்பதை ‘மொனிற்றரிங்’ என்பார்கள். உடன்கேட்டல் என்று நாம் சொல்லலாம். வெறும் காது கெட்டிக்காரக் காது. எதிரே இருப்பவர் பேசும்போது தண்ணிப் பம்பின் இரைச்சலையும், தென்னோலைச் சலசலப்பையும் அது தானாகவே ஒதுக்கிவிடும். ஒலிவாங்கிக்கு அந்த விவேகம் இல்லை. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை இந்தக் கரையில் வீசும் சோளகக் காற்று, நமக்கு உடம்புக்கு இதமாக இருக்கும். ஒலிவாங்கியில் அது இடி இடிப்பதுபோல விழும். பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயத்துக்கு நீரிறைக்கும் மிசின் பெரியவரின் பேச்சுக்குள் பேச்சாக ஓடும். ஹெட்போன் போட்டிருந்தால் அந்த நிமிடமே தெரியும். வீட்டின் காற்று மறைவுப் பக்கத்துக்குக் கதிரையை மாற்றலாம், ஒலிவாங்கிக்குப் பஞ்சு உறை போடலாம், பம்ப் நிற்கும்வரை தேத்தண்ணீர் குடிக்கலாம். வீட்டுக்குப் போன பின் தெரிந்தால் செய்வதற்கு அதிகம் இல்லை.

ஆனால் உடன்கேட்டலில் ஒரு பொறி இருக்கின்றது. ஹெட்போனின் ஒலியைக் கூட்டும் திருகு வேறு. பதிவாகும் அளவைக் கூட்டும் திருகு வேறு. முதலாவதைக் கூட்டினால் உங்கள் காதுக்குத்தான் பலமாகக் கேட்கும். பதிவு எப்போதும்போல மெலிந்தே இருக்கும். குளத்தில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க அளவுகம்பத்தைப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோலப் பதிவின் அளவைத் திரையில் ஏறி இறங்கும் மீற்றரில்தான் பார்க்க வேண்டும். அதன் உச்சம் பூச்சியம். அதைத் தொட்டால் குரல் உடைந்துவிடும், உடைந்த குரலைப் பின்னர் சரியாக ஒட்டமுடியாது. பேச்சின் உயர்ந்த இடங்கள் மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் இடைப்பட்ட டெசிபலில் நின்றால் போதும். முதியவர்கள் மெல்லத் தொடங்கி, கோபம் வரும் இடத்தில் குரலை உயர்த்துவார்கள். அந்த இடைவெளியை விட்டு வைக்க வேண்டும். கேட்பது காதின் வேலை. அளப்பது மீற்றரின் வேலை. ஒன்றின் வேலையை மற்றதிடம் கொடுக்கக் கூடாது.

ஒடாசிற்றியில் பதிவு மீற்றரை இயக்கினால், பதிவைத் தொடங்காமலே அளவைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அது கண்ணுக்கு மட்டும். கணனி வழியாகக் காதிலும் கேட்க வேண்டுமென்றால் அதற்கெனத் தனியாக ஒரு தெரிவை இயக்க வேண்டும். மீற்றர் ஆடுவதைப் பார்த்துவிட்டு, ஹெட்போனில் ஒன்றும் கேட்கவில்லையே, பழுதாகிவிட்டதோ என்று நான் ஒரு முழுக் காலைப்பொழுதை வீணாக்கினேன்.

கணனி வழியாகக் கேட்டால் சிறு தாமதமும் வரும். கணனி ஒலியைச் சிறு சிறு பொதிகளாக அள்ளித்தான் வேலை செய்கின்றது. செக்கனுக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும்போது, ஒரு பொதியில் 1,024 மாதிரிகள் இருந்தால் அந்தப் பொதி நிறையவே 21 மில்லி செக்கன் ஆகும். உள்ளே வரவும் வெளியே போகவும் சேர்த்துப் பார்த்தால் அது இன்னும் கூடும். பொதியை 256 ஆகக் குறைத்தால் ஒரு பொதிக்கு 5 மில்லி செக்கன் அளவில் வரும், ஆனால் பழைய கணனி மூச்சு வாங்கி ஒலியில் வெடிப்பு விழலாம். கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இந்தத் தாமதம் பெரிதல்ல. பேசுபவரின் காதில் அவருடைய குரலே பிந்தி விழுந்தால் நாக்குத் தடுமாறும். ஆகவே பேசுபவருக்கு ஹெட்போன் வேண்டாம். ஒலிப்பதிவுக் கருவியிலேயே ஹெட்போன் துளை இருந்தால், தாமதம் மிகக் குறைந்த அந்த வழியையே பாவியுங்கள். புளூரூத் ஹெட்போன் இந்த வேலைக்கு உதவாது. அதன் தாமதம் பெரும்பாலும் 100 மில்லி செக்கனைத் தாண்டிவிடும். ஒலிபெருக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு பதிவு செய்தால் கூட்ட மேடைகளில் வருமே அந்த ஊளைச் சத்தம், அதுதான் வரும்.

மரியாதை விஷயத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். தொடங்குவதற்கு முன்னர் ஹெட்போனைப் பெரியவரின் காதிலேயே வைத்து, அந்த முற்றம் ஒலிவாங்கிக்கு எப்படிக் கேட்கிறது என்று கேட்கச் சொல்வேன். காகம், பம்ப், பக்கத்து வீட்டுக் குழந்தை எல்லாவற்றையும் கேட்டு வியந்துபோவார்கள். அதன் பிறகு நான் போட்டுக்கொண்டால் யாரும் தவறாக எடுப்பதில்லை. சிலர் தாங்களே எழுந்து போய், “பம்ப நிப்பாட்டுடா” என்று சத்தம் போடுவதும் உண்டு.

துருசை மூடிப் பார்த்தல்

சோலோ என்பதை வயற்காரருக்கு விளக்குவது சுலபம். ஒரு பெரிய வாய்க்காலில் நான்கு கிளைகளிலிருந்து தண்ணீர் வந்து சேர்கின்றது. தண்ணீர் கலங்கியிருக்கின்றது. எந்தக் கிளையில் மண் வருகிறது என்று எப்படிக் காண்பீர்கள்? மூன்று துருசை மூடிவிட்டு ஒன்றை மட்டும் ஓட விட்டுப் பார்ப்பீர்கள். ஒலித் தடங்களிலும் அதுவேதான். ஒரு தடத்தில் சோலோவை அழுத்தினால் மற்றவை மௌனமாகும். மியூற் இதன் மறுபக்கம், அந்த ஒன்றை மட்டும் மூடுவது.

ஒடாசிற்றியில் இருப்பது இந்த ஒரு வகைதான். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மட்சோனி, ரொஜர் டனன்பேர்க் என்ற இருவர் தொடங்கி, 2000ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைத்துவரும் மென்பொருள் அது. எங்கள் வேலைக்குப் பெரும்பாலும் போதுமானது. இன்னும் நுட்பமாகச் செய்ய விரும்புவோருக்கு, போல் டேவிஸ் என்பவர் தொடங்கிய ‘ஆர்டர்’ என்ற மென்பொருள் உண்டு. ஆர்வம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அது, கடைக்குக் கொடுக்கும் ஓடர் அல்ல. லினக்ஸ் கணனிகளில் இலவசமாகவே கிடைக்கும்.

ஆர்டரில் தனித்துக் கேட்பதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது நாம் சொன்ன, மற்றத் துருசுகளை மூடும் வழி. இதை ‘சோலோ இன் பிளேஸ்’ என்கிறார்கள். தடம் தன் இடத்திலேயே, வலமோ இடமோ, தன் அளவிலேயே கேட்கும். மற்றவை உண்மையாகவே மூடப்படுவதால், இந்த நிலையில் ஏற்றுமதி செய்தால் கோப்பிலும் அவை இருக்கமாட்டா. என் கதைதான்.

மற்ற இரண்டும் வேறு மாதிரி. வாய்க்காலை ஓடவிட்டபடியே, கரையில் நின்று ஒரு கிளையிலிருந்து கையால் தண்ணீர் அள்ளிப் பார்ப்பதுபோல. அந்தக் கிளையின் துருசுக்கு மேலே நின்று அள்ளினால் அது ‘பிஎஃப்எல்’. துருசு எவ்வளவு மூடியிருந்தாலும், மேலே என்ன வருகிறதென்று தெரியும். துருசுக்குக் கீழே நின்று அள்ளினால் அது ‘ஏஎஃப்எல்’. துருசு விட்ட அளவுதான் கையில் வரும். இங்கே துருசு என்பது அந்தத் தடத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர். இந்த இரண்டு வழியிலும் ஒலி உங்கள் காதுக்கு மட்டும் தனி வழியில் வருகின்றது. முதன்மை வாய்க்கால் பாட்டுக்கு ஓடும். பொத்தானை மறந்து விட்டாலும் கோப்புக் கெடாது.

நான் பெரியவர் பேசிய இடங்களில் என் தடத்தின் ஃபேடரைத் தாழ்த்தியிருந்தேன் அல்லவா? பிஎஃப்எல் வழியில் ஒரு தடவை அந்தத் தடத்தைத் தொடக்கத்திலிருந்து கேட்டிருந்தால், ஃபேடர் தாழ்ந்திருந்தாலும் மாமியின் குரல் கேட்டிருக்கும். அதனால் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எதையும் வெட்டவும் தாழ்த்தவும் முன்னர், ஒவ்வொரு தடத்தையும் தனியே முழுதாகக் கேட்பது. இரண்டு மணித்தியாலப் பேச்சுக்கு இரண்டு தடம் என்றால் நான்கு மணித்தியாலம் போகும். அலுப்புத்தான். ஆனால் வாசற்படியில் இருப்பவர்கள் பேசுவது அங்கேதான் இருக்கும்.

தனித்துக் கேட்பதற்கு ஓர் எல்லையும் உண்டு. இதில் புதிதாகப் பழகுபவர்கள் ஒரு குரலைச் சோலோவில் வைத்து, காற்றிரைச்சல் போக 80, 100 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டி, அங்கே கூட்டி, இங்கே குறைத்து, மணிக்கணக்கில் அழகுபடுத்துவார்கள். பிறகு எல்லாத் தடத்தையும் திறந்தால் அந்தக் குரல் மற்றவற்றோடு பொருந்தாது. சோலோ பிழை காண்பதற்கு. அளவு பார்ப்பது எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டுத்தான். உப்பைத் தனியே நக்கிப் பார்த்துவிட்டு கறியின் உப்பைச் சொல்ல முடியுமா?

ஆர்டரின் மொனிற்றர் பகுதியில் ‘மொனோ’ என்றும் ஒரு பொத்தான் உண்டு. வலமும் இடமும் ஒன்றாகச் சேர்ந்து கேட்கும். ஊர் ஒலிபெருக்கியும், பல கைத்தொலைபேசிகளும் ஒற்றை வாயால்தான் பேசுகின்றன. ஒலிவாங்கிக் கம்பிகளில் ஒன்று மாறிப் பொருத்தப்பட்டிருந்தால், ஹெட்போனில் நன்றாக இருந்த குரல் மொனோவில் மெலிந்து, சில வேளை காணாமலே போகும். முடிக்குமுன் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பது நல்லது.

மகாவலியிலும் கொத்மலையிலும்

இடம்பெயர்ந்த விவசாயிகளின் குரலைப் பதிவு செய்வது இந்த நாட்டில் புதிதல்ல. மகாவலி அணைக்கட்டுகளுக்காக எழும்பிப்போய்ப் புதுக் குடியேற்றங்களுக்கு வந்தவர்களுக்கென்றே 1981இல் மகாவலி சமூக வானொலி தொடங்கப்பட்டது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்கு யுனெஸ்கோவும் டென்மார்க் அரசின் டனிடாவும் உதவின. தயாரிப்புக் குழுவினர் கிராமத்திலேயே சில நாட்கள் தங்கி, மக்களோடு சேர்ந்து நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தார்கள். 1989இல் கொத்மலைச் சமூக வானொலி வந்தது. 1999 அளவில் அங்கே நேயர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இணையத்தில் தேடி, வானொலியிலேயே பதில் சொன்னார்கள். அந்த முயற்சியை உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் வந்து பார்த்துப் போனார்கள்.

அன்று நாடாவும் பெரிய கலவை மேசையும் வேண்டியிருந்தது. இன்று மென்பொருளில் காணும் பொத்தான்களின் பெயர்கள் அந்த மேசைகளிலிருந்து வந்தவைதான். ஒரு பாட்டு ஒலிபரப்பாகிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த இசைத்தட்டை ஹெட்போனில் மட்டும் கேட்டு, தொடங்கும் இடத்தைப் பிடித்து வைப்பார்கள் வானொலிக் கலையகத்தினர். நேயருக்கு அது கேட்காது. அந்தப் பொத்தான்தான் பிஎஃப்எல். இலங்கை வானொலியில் பாட்டு முடிந்த கணத்தில் அடுத்த பாட்டு வழுக்கிக்கொண்டு வரும் அழகை முதியவர்கள் அறிவார்கள்.

கைத்தொலைபேசி மட்டும் இருந்தால்

பெரும்பாலான வீடுகளில் இருப்பது கைத்தொலைபேசிதான். அதை வைத்தே செய்யலாம். பல கைத்தொலைபேசிகளின் பதிவுச் செயலிகளில் பதியும்போதே கேட்க வசதி இல்லை. அதனால் முதலில் ஒரு நிமிடம் மட்டும் பதிந்து, காதில் செருகிக் கேட்டுவிட்டு, பிறகு தொடங்குங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, மறுபடியும் கேளுங்கள். தொலைபேசியைக் கையில் பிடிக்காமல், பேசுபவரின் வாய்க்கு ஒரு முழத்துக்குள், மடித்த துவாய் ஒன்றின் மேல் வையுங்கள். வீட்டில் இரண்டு தொலைபேசி இருந்தால் மற்றதை இன்னொருவர் பக்கத்தில் வைத்துப் பதியுங்கள். தொடக்கத்தில் ஒரு தடவை பலமாகக் கை தட்டினால், பின்னர் கணனியில் இரண்டு பதிவையும் அந்தத் தட்டை வைத்துப் பக்கம் பக்கமாகப் பொருத்தலாம். அப்போது சோலோ அங்கேயும் வேலை செய்யும். மூலப் பதிவை அழிக்காமல் இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று ஆலங்குடாவில், மற்றது முசலியில் என்றால் இன்னும் நல்லது.

மறுபடியும் அந்த வீட்டுக்கு

நாற்பதாம் நாள் முடிந்து ஒரு கிழமை கழித்து மாமியைப் பார்க்கப் போனேன். மனதில் உறுத்தல் இருந்தது. பெரியவர் தன் சம்மதத்தோடு பேசினார். மாமி பதிவாகிறது என்று தெரியாமல் பேசியவர். தனித்துக் கேட்கும் பொத்தான் இப்படியும் செய்யும். யாருக்கும் கேட்காது என்று நினைத்துச் சொன்னதை ஊருக்குக் கேட்கச் செய்துவிடும். காணி என்று வந்தால் ஒரு சொல் குடும்பத்தையே இரண்டாக்கலாம். அதனால், உங்கள் குரல் உள்ள இடங்களை எடுத்துவிடவா என்று கேட்டேன்.

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. “எடுக்க வேணாம் தம்பி” என்றார். “ஆனா அது மிளகாய் கிள்ளிக்கிட்டுச் சொன்னது. நான் இருந்து சொல்றன். அத வைங்க.”

இஷாத் தொழுகைக்குப் பின் பம்புகள் எல்லாம் நின்றுவிட்ட நேரம். மின்விசிறியையும் நிறுத்தினோம். ஒலிவாங்கியை மாமிக்கு முன்னால் வைத்தேன். மகன்கள் இருவரும் இருந்தார்கள். தொடங்க முன்னர் மாமி, அவர் பேசியதைத் தனியே கேட்க வேண்டும் என்றார். பெரியவரின் தடத்தில் சோலோவை அழுத்தி, ஹெட்போனைக் கொடுத்தேன். முக்காட்டின் மேலேயே போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார். ஓரிடத்தில் சிரித்தார். “இந்த இடத்தில வெத்தில துப்ப எழும்பிப் போறார். அத வெட்டிப்போடாதீங்க.”

அந்த இடத்தை நான் ஏற்கெனவே வெட்டியிருந்தேன். மூலத்திலிருந்து எடுத்துத் திரும்ப வைத்தேன்.

பிறகு மாமி சொல்லத் தொடங்கினார். தன் வாப்பா எந்த வருடம் அந்தத் துண்டைத் தந்தார், வடக்கே எந்த வாய்க்கால், கிழக்கே நின்ற பாலை மரம் எது, அடுத்த காணிக்காரர் யார், முதல் போகத்தில் எத்தனை மூடை நெல் கண்டது. முக்கால் மணித்தியாலம் நிறுத்தாமல் சொன்னார். மீற்றர் மைனஸ் 10ஐத் தாண்டவில்லை. இளைய மகன் ஒரு கொப்பியில் எல்லைகளைக் குறித்துக்கொண்டிருந்தார். இரண்டு இடத்தில் பெரியவர் சொன்னதற்கும் மாமி சொன்னதற்கும் வித்தியாசம் இருந்தது. அதை நாங்கள் சமப்படுத்தவில்லை.

பெரியவர் ஒன்று, நானும் வாசற்படியும் ஒன்று, மாமி ஒன்று என்று மூன்று தடங்கள். மூன்றையும் ஒன்றாக்காமல் தனித்தனியாகவே பிரதி எடுத்து, சோலோ எதுவும் அழுத்தியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்து, தொடக்கம் முதல் முடிவுவரை கேட்டுவிட்டுக் கொடுத்தேன். அடுத்த தடவை முசலிக்குப் போகும் பஸ்ஸில் மூத்த மகன் அதைக் கொண்டுபோனார், கொப்பியையும் சேர்த்து.